ஏழு வெள்ளரி விதை

அச்சகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் அங்கே மெய்ப்புத் திருத்தினார். யார் எழுதியது கைக்கு வந்தாலும் நீளமான வாக்கியமாகப் பார்த்து நடுவில் ஓர் அரைப்புள்ளியைச் செருகாமல் விடமாட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூடச் செருகிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அச்சகம் மூடிய பிறகு ஏழெட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். மனைவி பேனாவை ஒளித்துவைத்ததும்தான் வேலை தேடிக் கிளம்பினார்.

கிடைத்த வேலை ஓர் உடல்நல இணையதளத்தில். அலுவலகம் டயர் கடைக்கு மேலே இருந்தது. மூன்று மேசை, நான்கு கணினி, திறக்காத ஜன்னல் ஒன்று. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே மேசையில் வைத்த பேனா தானாக உருண்டு கீழே விழும். முதலாளிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் முதல் நாள் கேட்ட ஒரே கேள்வி, மருத்துவம் தெரியுமா என்பதுதான். தெரியாது என்றார் அரைப்புள்ளி.

"அப்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க ரொம்ப யோசிக்கிறாங்க. எனக்கு ஒரு நாளைக்கு நாலு கட்டுரை வேணும்" என்றார் முதலாளி.

தளத்தில் வரும் எல்லாக் கட்டுரைகளையும் எழுதுபவர் ஒரே ஆள். 'மூத்த மருத்துவர், நாற்பதாண்டு அனுபவம்' என்று போட்டு, பக்கத்தில் வெள்ளைத்தலைக்காரர் ஒருவரின் படம். நெற்றியில் மூன்று கோடு, உதட்டில் பாதிச் சிரிப்பு. பார்த்தவுடன் நாக்கை நீட்டிக் காட்டத் தோன்றும் முகம். மூக்குக்கண்ணாடிக் கடையின் விளம்பரப் புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்த படம் அது. வாசகர்கள் அவரை டாக்டர் ஐயா என்றுதான் அழைத்தார்கள். அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கூட வந்திருக்கிறது. பிறந்தநாள் எது என்று யாரும் எங்கும் போட்டிருக்கவில்லை.

அரைப்புள்ளி ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எழுதினார். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் பார்த்து, கை கழுவுவதைப் பற்றி ஒரு கட்டுரை தயார் செய்தார். மூன்று பேர் படித்தார்கள். அதில் ஒருவர் முதலாளி. பிறகு அவருக்குத் தொழில் பிடிபட்டது. சமையலறையில் கிடக்கும் ஒரு பொருள் வேண்டும், ஓர் எண் வேண்டும், இத்தனை நாள் என்று ஒரு கெடு வேண்டும், கடைசியில் ஓர் எதிரி வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள் என்று முடித்தால் வேலை முடிந்தது. மின்விசிறி ஓடாத ஒரு மதியம், தைராய்டுக்கு இப்படி ஒன்று எழுதிப் போட்டார். ஏழு வெள்ளரி விதையை ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் மென்று தின்ன வேண்டும். நாற்பது நாளில் மாத்திரைக்கு விடை கொடுத்துவிடலாம். எழுதி முடித்ததும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

வீட்டிலும் சொந்தபந்தத்திலும் அவர் சொல்லிவைத்திருந்தது, கம்ப்யூட்டரில் பதிப்பு வேலை என்று. மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

அவருடைய அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வார். முப்பது வருஷக் குரல். பெற்ற பிள்ளை கூப்பிட்டால் திரும்பாதவன்கூட அந்தக் குரலுக்குத் திரும்புவான். அக்காவுக்குத் தைராய்டு சரியாகச் சுரப்பதில்லை. ஒன்பது வருஷமாகக் காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரை.

அக்காவின் கணவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைப்புள்ளி அவரை மாமா என்பார். வேலையில் இருந்த காலத்தில் மாமா எந்த மனிதனின் பேச்சையும் நம்பியவர் இல்லை. இதுதான் என் எல்லை என்று ஒருவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், கேட்டுக்கொண்டே அளவுச் சங்கிலியை விரிப்பார். மூன்று எல்லைக்கல்லிலிருந்து தனித்தனியாக அளந்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் வரைபடத்தில் கோடு விழும். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் அவருக்கு ஒரு கைபேசி பரிசாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எதையும் அளக்கவில்லை. கைபேசி சொன்னதெல்லாம் கோடாக விழுந்தது.

இரண்டு மாதமாக அக்கா தொலைபேசியில் பேசுவது குறைந்துபோயிருந்தது. பேசினாலும் பாதியில் கொட்டாவி. என்னவென்று பார்த்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப்புள்ளி அக்கா வீட்டுக்குப் போனார். உச்சி வெயிலில் அக்கா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. கதவு திறந்ததையே சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். வாடா என்று அவர் சொன்ன குரல், தகர டப்பாவைத் தரையில் இழுப்பது போலிருந்தது.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அக்கா பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார். மாத்திரையை நிறுத்தி அறுபது நாளுக்கு மேல் ஆகிறது, இப்போது இயற்கை வைத்தியம் நடக்கிறது என்றார். நாற்பது நாளில் குணம் தெரிய வேண்டுமே என்று அக்கா முனகினார். உடம்பில் சேர்ந்திருக்கும் பழைய மாத்திரை விஷம் வெளியே போகும்போது கொஞ்சம் வீங்கத்தான் செய்யும் என்று அதற்கும் மாமாவிடம் விளக்கம் இருந்தது. சமையல் மேடையில் ஒரு கிண்ணத்தில் விதைகள் ஊறிக்கொண்டிருந்தன. அரைப்புள்ளி எண்ணிப் பார்த்தார். ஏழு.

 மாமா கைபேசியை நீட்டினார். வெள்ளைத்தலை டாக்டர் பாதிச் சிரிப்போடு பார்த்தார். கட்டுரையை வேறு யாரோ எழுதியிருக்கலாம் என்று அரைப்புள்ளி ஒரு நொடி ஆசைப்பட்டார். ஆனால் இரண்டாவது பத்தியிலேயே மூன்று அரைப்புள்ளி இருந்தது. உலகத்தில் இணையதளத்துக்காகத் தமிழில் எழுதும் வேறு எவனும் இந்த வேலையைச் செய்யமாட்டான்.

"மாமா, இதை எழுதினது நான்தான்" என்றார்.

மாமா சிரித்தார். மைத்துனன் மனம் புண்படாதபடி, நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"மாப்ளே, நீ நல்ல பையன். ஆனா தலைவலிக்கு என்ன மாத்திரை போடணும்னே உனக்குத் தெரியாது. தைராய்டைப் பத்தி நீ எழுதினேன்னா நான் நம்பணுமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாமத்தான் எழுதினேன்."

டாக்டரின் படம் இருக்கிறதே என்றார் மாமா. படம் கண்ணாடிக்கடையுடையது என்றார் அரைப்புள்ளி. மாமா அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். தான் ஒன்றும் ஏமாளி இல்லை, ஓர் இடத்தில் பார்த்ததை நம்புகிறவன் இல்லை, தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மாத்திரையை நிறுத்தச் சொன்னதாகச் சொன்னார். பதினோரு தளத்தில் இதே விஷயம் இருக்கிறதாம். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பதினொன்றிலும் அதே மூன்று அரைப்புள்ளி அதே இடத்தில் இருந்தது.

அரைப்புள்ளி மாமாவுக்குப் புரிகிற பாஷையில் பேசிப் பார்த்தார். ஒரே கல்லிலிருந்து பதினோரு தடவை அளந்தால் அது பதினோரு அளவாகிவிடுமா என்று கேட்டார். அந்தக் கல்லே நேற்று யாரோ கொண்டுவந்து போட்ட கல்லாக இருந்தால்? மாமாவின் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. ஓடி மறைந்தது. அது நிலம், இது அறிவியல் என்று சொல்லிவிட்டார். அக்கா இதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. அக்கா ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். திடுக்கிட்டு விழித்து, துறைமுகம் போகும் வண்டி ஐந்தாம் நடைமேடையில் நிற்கிறது என்று அறிவித்தார். ஐந்தில் நின்றது சுரங்கம் போகும் வண்டி. நெற்றியில் பெரிய எழுத்தில் 'சுரங்கம்' என்ற பலகை. துறைமுகத்துக்குப் போக வேண்டிய நாற்பது பேர் அந்தப் பலகைக்கு அடியிலேயே முண்டியடித்து ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி ஊரைத் தாண்டும்போதுதான் நடத்துநர் பயணச்சீட்டுக்கு ஊர் கேட்டு, தலையில் கை வைத்தார்.

பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவர்கள் கண்ணாடி அறைக்கு வெளியே கூடினார்கள். திட்டப்போகிறார்கள் என்று அக்கா எழுந்து நின்றார். அவர்கள் ஓட்டுநரைத்தான் திட்டினார்கள். பலகையில் சுரங்கம் என்று போட்டிருந்ததே, பார்க்கவில்லையா என்று நிலைய மேலாளர் கேட்டதற்கு ஒரு பெரியவர் சொன்னார்:

"பாத்தோம். போர்டுதான் தப்புன்னு நெனச்சோம். அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அக்காவுக்கு அது வசவைவிட மோசமாக இருந்தது. அன்று பிற்பகலே தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். அரைப்புள்ளி கண்ணாடி அறைக்குள் போனபோது, ஒலிவாங்கியின் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று அக்கா இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

"நேத்து நீ சொன்னது எனக்குத் தூக்கத்துல கேட்டுச்சு. நெசமாவே நீதான் எழுதினியா?"

"நான்தான்க்கா."

"அப்ப சொல்லு. ஏன் ஏழு?"

அரைப்புள்ளி தரையைப் பார்த்தார்.

"ஆறுன்னா சாதாரணமா இருந்துச்சு. எட்டுன்னா வாய்ப்பாடு மாதிரி இருந்துச்சு."

 "சோம்பேறி" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லோடு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு அவருக்கு அந்தப் பதிலே போதும். சின்ன வயதில் வீட்டுப்பாடக் கணக்குக்கும் இவன் இப்படித்தான் விடை போடுவான்.

அன்றே அக்கா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். அடுத்த நாள் முடிவோடு இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் ஒரு பெண். தலை நரைக்கவில்லை, நெற்றியில் கோடு இல்லை, சிரிக்கவும் இல்லை. டி.எஸ்.எச். அளவு தாறுமாறாக ஏறியிருப்பதைக் காட்டி, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

"என் தம்பி" என்றார் அக்கா.

மருத்துவர் அரைப்புள்ளியைப் பார்த்தார். மறுக்க ஒன்றும் இல்லாததால் அவர் தலையாட்டினார். அடுத்த கால் மணி நேரம் அவர் வாழ்க்கையில் கேட்ட மிகச் சுத்தமான தமிழில் திட்டு வாங்கினார். திருத்த ஓரிடம்கூட இல்லை.

அக்கா மறுபடி மாத்திரைக்கு வந்தார். மாமா வழிக்கு வரவில்லை. விதை நல்ல விதைதான், கடைக்காரன் கலப்பு விதை கொடுத்துவிட்டான் என்று கட்சி கட்டினார். குடும்பக் குழுவில், சிலருக்குப் பெரிய மனிதர்கள் மீது பொறாமை என்று பெயர் சொல்லாமல் எழுதினார். பெயர் எல்லோருக்கும் புரிந்தது.

அரைப்புள்ளி முதலாளியிடம் போய் அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னார். தளத்திலேயே அதிகம் பேர் படிப்பது அதுதான் என்றார் முதலாளி. ஓர் அம்மாவுக்கு உடம்பு கெட்டுவிட்டது என்றார் இவர். எத்தனையோ பேருக்கு நல்லாகியிருக்கலாம், அவர்கள் யாரும் புகார் சொல்ல வரவில்லையே என்றார் அவர். தவிர, நாம் எடுத்துவிட்டால் மட்டும், இதைச் சுட்டுப் போட்ட மற்ற பதினோரு தளத்திலும் இருப்பது போய்விடுமா?

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அரைப்புள்ளி உட்கார்ந்து, டாக்டரின் பெயரிலேயே புதிதாக ஒன்று எழுதி ஏற்றினார். வெள்ளரி விதை பற்றி நான் சொன்னது தவறு. தைராய்டு மாத்திரையை யாரும் தாங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். கை கழுவும் கட்டுரைக்குப் பிறகு, நான்கு வருஷத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அது. இருபது நிமிஷத்தில் கீழே கருத்துகள் குவிந்தன. டாக்டர் ஐயாவை மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றார் ஒருவர். மருந்துக் கம்பெனி இவரையும் விலைக்கு வாங்கிவிட்டதே என்று இன்னொருவர் அழுதார். டாக்டரைக் கடத்திவிட்டு வேறு எவனோ எழுதுகிறான், நடையே சரியில்லை என்று ஒருவர் துப்பறிந்திருந்தார். அது மாமா.

முதலாளி திரும்பி வந்து அதை நீக்கினார். இன்னொரு தடவை உண்மை எழுதினால் வேலை போய்விடும் என்பதை வேறு வார்த்தைகளில் சொன்னார்.

அரைப்புள்ளிக்கு ரோஷம் வந்தது. முதலாளி வெளியூர் போன ஒரு சனிக்கிழமை மாமாவைக் கையோடு அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். பல வருஷப் பழக்கம், மாமா படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். பதினெட்டு. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டாக்டர் எங்கே உட்காருவார் என்று கேட்டார். அரைப்புள்ளி தன் நாற்காலியைக் காட்டினார். அதன் கைப்பிடியில் ஒன்று உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது.

"மாமா, உங்க வாய்க்கு வந்த ஒரு வியாதி சொல்லுங்க. வாய்க்கு வந்த ஒரு மருந்து சொல்லுங்க. அதை அப்படியே டாக்டர் சொல்வாரு, பாருங்க."

மாமா சந்தேகத்தோடு யோசித்தார். அக்காவுக்குக் குறட்டை உண்டு. அதனால் குறட்டை என்றார். மருந்துக்கு நேரம் பிடித்தது. கடைசியில், பன்னிரண்டு அடி அளவு நாடாவை முழுசாக விரித்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டால் போகும் என்றார். எண் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதை அவராகவே சேர்த்தார். அரைப்புள்ளி பத்து நிமிஷத்தில் தட்டி முடித்து ஏற்றினார். மாமாவின் சட்டைப்பையில் கைபேசி துடித்தது. எடுத்துப் பார்த்தார். குறட்டைக்கு நிரந்தரத் தீர்வு, மூத்த மருத்துவர் விளக்குகிறார். வெள்ளைத்தலைக்காரர் பாதிச் சிரிப்போடு அவரையே பார்த்தார்.

மாமா முழுவதையும் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கீழே காற்று இயந்திரம் ஓடி நின்றது.  இந்த மனிதருக்கு ஒரேயடியாக இப்படிச் செய்திருக்கக் கூடாதோ என்று அரைப்புள்ளிக்கு இரக்கம் வந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மாமா குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இதுவரைக்கும் எத்தனை பேர் படிச்சிருக்காங்க?"

நாலே நாளில் அளவு நாடா பதினோரு தளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்றில் அது உருக்கு நாடாவாகியிருந்தது. மாமாவோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நம்ம தொழில் சாமானில் இவ்வளவு மகிமை இருப்பது தெரியாமல் போச்சே, என் வீட்டில் குறட்டை பாதியாகக் குறைந்துவிட்டது என்று நெகிழ்ந்தார். மாமா உண்மையைச் சொல்லவில்லை. எண் பக்கம் மேலே இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

ஊரிலிருந்து திரும்பிய முதலாளி அரைப்புள்ளியைக் கூப்பிட்டார். மறுப்புக் கட்டுரை எழுதியதிலிருந்தே தனக்கு மனசு சரியில்லை, இனிமேல் வர வேண்டாம் என்றார். அரைப்புள்ளிக்கு நிம்மதிதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அந்தக் குறட்டைக் கட்டுரையை எழுதியது யார் என்று முதலாளி விசாரித்தார். நடை புதிதாக இருக்கிறது, அளவெல்லாம் துல்லியமாக இருக்கிறது என்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அரைப்புள்ளி சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மாமா அந்தப் பதினெட்டுப் படியையும் ஏறி, கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா தலையிலடித்துக்கொண்டார். சண்டை போட்டுப் பார்த்தார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். மாமா அசையவில்லை. முன்பு ஏமாந்தது அறியாமையால், இப்போது எழுதுவது அனுபவத்தால் என்று வாதாடினார். ஒரு விஷயத்தில் மட்டும் மாறிவிட்டார். இணையத்தில் வரும் எதையும் அவர் இப்போது நம்புவதில்லை. எழுதுகிறவர்களைப் பற்றித் தனக்குத் தெரியும் என்கிறார். உடம்புக்கு ஏதாவது என்றால், நேரே அந்தச் சிரிக்காத பெண் மருத்துவரிடம்தான் போய் நிற்கிறார்.

மூன்று மாதத்தில் அக்காவின் குரல் திரும்பியது. முகத்தில் வீக்கம் வடிந்தது. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, சட்டை மாட்டும் கணவரைப் பார்த்து, "இன்னைக்கு யாரைக் கெடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு முடிந்ததும், வண்டியின் பலகையைப் பார்த்து ஏறவும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். யாரும் பார்ப்பதில்லை.

அரைப்புள்ளிக்கு அட்டைப்பெட்டி அச்சிடும் இடத்தில் வேலை கிடைத்தது. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள் இருக்கிறதே, எறும்பு எழுத்தில், அதற்கு மெய்ப்புத் திருத்துகிறார். ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். பிரித்த கையோடு எல்லோரும் தூக்கி எறிகிற தாள்.

போன வாரம் வேலை நேரத்தில் மாமா அழைத்தார். நலம் விசாரித்தார். சுற்றி வளைத்தார். பிறகு, கல்லீரல் பற்றி மதியத்துக்குள் ஒன்று கொடுக்க வேண்டியிருக்கிறது, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார்.

"அதை ஒரு டாக்டர்கிட்டக் கேளுங்க மாமா" என்றார் அரைப்புள்ளி.

 மாமா உண்மையான மனவருத்தத்தோடு சொன்னார்:

"நான் எப்படி மாப்ளே இன்னொரு டாக்டர்கிட்டப் போய்க் கேக்கறது?"